நின்றுபோன வண்டியின் நினைவுப்பொருள்கள்

நுழையும்முன்

பழைய பொருளொன்று கண்ணில் பட்டவுடன் பழைய நாள்கள் நெஞ்சில் எழுவது இயல்பு. அந்நினைவு ஏக்கமாக முதிர்ந்து, அந்த ஏக்கத்திற்கு ஒரு விலையும் குறிக்கப்படும்போது நினைவுப்பொருள் வணிகம் பிறக்கிறது. அமெரிக்கப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் மூடப்பட்ட ஊர்திகள் முதல் தேனி மாவட்டத்தில் ஓடி நின்ற மீட்டர் பாதைத் தொடர்வண்டி வரை, மக்கள் எவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர், அப்பொருள்கள் எதைக் காக்கின்றன, எதைக் கைவிடுகின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஓர் அட்டைத் துண்டு

ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உடையது அந்த அட்டைத் துண்டு. அதன்மேல் இரண்டு ஊர்ப்பெயர்கள், கட்டணத் தொகை, ஒரு வரிசை எண். ஓரத்தில் மையின்றி அழுத்திப் பதிக்கப்பட்ட நாள். கணினிச் சீட்டுகள் பரவும்வரை இந்தியத் தொடர்வண்டிகளில் பயணம் செய்த ஒவ்வொருவர் கையிலும் இருந்த பயணச்சீட்டு இதுதான். சட்டைப் பையில் கிடந்து மடங்காது. வியர்வையில் நனைந்தாலும் எளிதில் கிழியாது. ஊர் சேரும்வரை சிறுவர்கள் அதை உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பர்.

இதனை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் எட்மண்ட்சன். மரச்சாமான் செய்யும் தொழிலில் இழப்புற்ற அவர், 1830களில் ஒரு சிறிய தொடர்வண்டி நிலையத்தின் பொறுப்பாளராகப் பணியேற்றார். ஒவ்வொரு பயணிக்கும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுப்பது அக்கால வழக்கம். அதில் நேரமும் வீணாயிற்று. வசூலான தொகைக்குக் கணக்கும் சரியாக நிற்கவில்லை. எனவே முன்கூட்டியே அச்சிட்டு வரிசை எண் இட்ட அட்டைகளை அவர் புகுத்தினார். மாலையில் எஞ்சியிருக்கும் அட்டையின் எண்ணைப் பார்த்தாலே எத்தனை சீட்டுகள் விற்றன என்பது தெரிந்துவிடும். பணியாளர் கையாடாமல் தடுக்கப் பிறந்த ஒரு கணக்குக் கருவி, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அன்பின் அடையாளமாகப் போற்றப்படும் என்று அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடிநாயக்கனூர் என்னும் பெயர்களைத் தாங்கிய இத்தகைய அட்டைகள் இன்று சேகரிப்புப் பொருள்கள். அவை அரிதாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பயணம் முடிந்ததும் நிலைய வாயிலில் நிற்கும் பணியாளரிடம் சீட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பது பழைய நடைமுறை. ஒழுங்காகப் பயணம் செய்தவரின் சீட்டு, அவ்வொழுங்கினாலேயே அழிந்தது. இன்று சேகரிப்பாளரிடம் இருப்பவை பெரும்பாலும் கொடுக்க மறந்தவை, கேட்டு வாங்கியவை, விற்காமல் எஞ்சியவை. பயணம் நிகழ்ந்ததற்கான சான்று என்று போற்றப்படும் சீட்டுகளுள் சில, எவரும் பயணம் செய்யாத சீட்டுகளாகவே இருக்கக்கூடும்.

ஏக்கம் விலையான கதை

1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஓஃபர் என்னும் மாணவர், தம் ஆய்வேட்டில் ஒரு புதிய நோய்க்குப் பெயர் சூட்டினார். ஊரைப் பிரிந்து அயல்நாடுகளில் பணிபுரிந்தோர் காரணம் தெரியாமல் மெலிந்தனர், உணவு மறுத்தனர், உறக்கம் இழந்தனர். கிரேக்க மொழியில் வீடு திரும்புதலைக் குறிக்கும் சொல்லையும் வலியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து, அந்நோயை அவர் ‘நாஸ்டால்ஜியா’ என்றழைத்தார். அவர் கருத்தில் அதற்குச் சிறந்த மருந்து நோயாளியை ஊருக்கு அனுப்பிவைப்பதே.

பிற்காலத்தில் இச்சொல் இடத்தைவிட்டுக் காலத்திற்கு மாறியது. ஊரைப் பிரிந்தவர் ஊருக்குத் திரும்பலாம். பத்து வயதைப் பிரிந்தவர் எங்கே திரும்புவார்? அந்த இயலாமையில்தான் வணிகம் நுழைகிறது. திரும்ப முடியாத இடத்திற்கு ஈடாக, கையில் அடங்கும் ஒரு பொருளை அது நீட்டுகிறது.

இவ்வணிகத்தை அதன் முழு வடிவில் பொழுதுபோக்குப் பூங்காக்களில் காணலாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி பூங்காவில் 1971ஆம் ஆண்டு முதல் ‘மிஸ்டர் டோட்’ என்னும் தேரைக் கதைமாந்தனின் பெயரில் ஓர் ஊர்தி இயங்கியது. சிறு வண்டியில் அமர்ந்து இருட்டறைகளுக்குள் வளைந்து வளைந்து செல்லும் எளிய விளையாட்டு அது. அதை மூடப்போவதாகச் செய்தி பரவியதும் அன்பர்கள் பூங்காவிற்குள்ளேயே எதிர்ப்புக் கூட்டங்கள் நடத்தினர். முழக்கங்கள் அச்சிட்ட டீ ஷர்ட்டுகளை அணிந்து வந்தனர். 1998 செப்டம்பர் 7 அன்று ஊர்தி நின்றது. எதிர்ப்புக்கென அச்சிட்ட அந்த ஆடைகளே பிறகு சேகரிப்புப் பொருள்களாயின. நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. அதே பூங்காவின் பேய்மாளிகை விளையாட்டிற்கு வெளியே அமைந்த போலி இடுகாட்டில் அத்தேரைக்கு ஒரு சிலை எழுப்பியது. தான் மூடியதற்குத் தானே நடுகல் நட்ட விந்தை அது.

அதே நிறுவனத்தின் ‘ஸ்பிளாஷ் மவுன்டன்’ என்னும் நீர்ச்சறுக்கு ஊர்தி, 2023 சனவரியில் புளோரிடாவில் மூடப்பட்டது. மூடிய சில நாள்களுக்குள், அந்த ஊர்தியின் நீர் எனச் சொல்லி, குப்பிகளில் அடைத்த தண்ணீரை இணையச் சந்தையில் சிலர் விற்பனைக்கு வைத்தனர். அது எந்தக் குழாயின் நீர் என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் வாங்குவோர் இருந்தனர். அந்த ஊர்தி எழுந்த கதையும் சிக்கலானது. கறுப்பின மக்களின் அடிமை வாழ்வின் துயரை மறைத்து இனிமையாகக் காட்டியது என்று கடுமையான கண்டனத்திற்கு உள்ளான ஒரு பழைய திரைப்படத்தின் பாத்திரங்கள் அதில் இடம்பெற்றிருந்தன. ஊர்தி மாற்றப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணம். குப்பியில் அடைத்த நீரில் அந்த வரலாற்றின் சுவடு இருப்பதில்லை. அதை வாங்கியவர் நினைவில் ஒரு சறுக்கலும் ஒரு கூச்சலும் மட்டும் எஞ்சுகின்றன.

இந்தியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1982ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமான ‘அப்பு’ என்னும் யானைக்குட்டியின் பெயரில், 1984 நவம்பர் 19 அன்று அந்நகரில் ‘அப்பு கர்’ பூங்கா திறக்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. இங்கே பூங்காவிற்கு முன்பே சின்னம் பிறந்துவிட்டது. பூங்கா மறைந்த பின்னும் அப்பு உருவம் பொறித்த பழம்பொருள்களைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர்.

இரண்டு முறை மறைந்த பாதை

தேனி மாவட்டத்தில் அத்தகைய பூங்கா எதுவும் மூடப்படவில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவிற்கு வரும் இராட்டினங்கள் விழா முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். மறுஆண்டு மீண்டும் வரும். ஆண்டுதோறும் திரும்பி வருவதை எண்ணி எவரும் ஏங்குவதில்லை. இம்மாவட்ட மக்கள் நெடுங்காலம் ஏங்கியது ஒரு வண்டிக்காக.

மேற்கே ஏலமலை, தெற்கிலும் கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள். இடையே முல்லைப்பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் வாயிலில் தேனியும், மலையடிவாரத்தில் போடிநாயக்கனூரும் அமைந்துள்ளன. மலையில் விளைந்த ஏலமும் மிளகும் தேயிலையும் காப்பியும் சமவெளிக்கு வந்து சேரும் ஊர் போடி. இவ்விளைபொருள்களைக் கருத்தில் கொண்டு மதுரைக்கும் போடிக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்தில் இடப்பட்ட மீட்டர் பாதை, 1928 நவம்பர் 20 அன்று திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஆயிரம் மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததால் அது மீட்டர் பாதை எனப்பட்டது.

இப்பாதை முதன்முறை மறைந்தது இரண்டாம் உலகப்போரின்போது. போர்த்தேவைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் பாதை மீண்டும் இடப்பட்டது. எங்கோ நடந்த போருக்காகத் தேனி மக்கள் தங்கள் வண்டியை இழந்தனர். அவ்விழப்பு நினைவுப்பொருள் எதனையும் விட்டுச்செல்லவில்லை. நிழற்படக் கருவி செல்வர் வீடுகளில் மட்டும் இருந்த காலம் அது. இரும்பு போயிற்று, பேச்சு நின்றது, பேசியவர்களும் மறைந்தனர்.

இரண்டாம் முறை மறைந்தது வேறு வகையில். நாடெங்கும் உள்ள மீட்டர் பாதைகளை 1,676 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அகல இருப்புப்பாதைகளாக மாற்றும் திட்டம் 1992இல் தொடங்கியது. அதன்படி மதுரை – போடி மீட்டர் பாதையில் 2010 டிசம்பர் 31ஆம் நாளுடன் வண்டிகள் நின்றன. பாதை மாற்றும் பணி நெடிது நீண்டது. 2022 மே 26 அன்று தேனி வரையிலான 75 கிலோமீட்டர் அகலப்பாதை நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதற்கு ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. போடிக்கு வண்டி வந்தது 2023 சூன் 15 அன்று.

இவ்விடைவெளியை ஆண்டுகளால் அளப்பதைவிட வகுப்புகளால் அளப்பது பொருந்தும். 2011 சூன் மாதம் போடியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, 2023இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடிக்கும்வரை தன் ஊர் நிலையத்தில் பயணிகள் வண்டி எதனையும் கண்டிருக்க முடியாது. பள்ளிப் பருவம் முழுவதும் வண்டியில்லாப் பருவம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட வண்டியை மனத்தில் ஓட்டியபடியே அத்தலைமுறை வளர்ந்தது. பூங்கா ஊர்தியின் அன்பர்களிடமிருந்து இம்மக்கள் வேறுபடும் இடமும் இதுவே. புளோரிடாவின் ஊர்தி நின்றதால் எவருடைய சந்தைப் பயணமும் தடைப்படவில்லை. எந்த நோயாளியும் மருத்துவமனைக்கு வேறு வழி தேடவில்லை. போடி வண்டியை இழந்தவர்களுக்கு ஏக்கமும் இருந்தது, தேவையும் இருந்தது. சாவிக்கொத்தோ சுவர்ப்படமோ முன்னதை ஓரளவு ஆற்றலாம். பின்னதற்காக அவர்கள் மனுக்கள் எழுதினர், கூட்டங்கள் கூட்டினர், போராடினர்.

மறைந்தவற்றை அழகாக்கிப் பார்ப்பது மனத்தின் வழக்கம். மீட்டர் பாதை வண்டியை விரைவுக்காக எவரும் தேடி ஏறியதில்லை. நெடுஞ்சாலையில் பேருந்துகள் பெருகியபின் பலரும் பேருந்தையே நாடினர். அவ்வண்டி ஓடிய நாள்களில் அதில் ஏறாதவர்களும் அது நின்றபின் அதற்காக வருந்தியிருக்கிறார்கள். அவ்வருத்தத்தைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. ஏறாவிட்டாலும் குறித்த நேரத்தில் கேட்ட கூவல் அவர்களுடைய நாளின் ஒரு பகுதியாக இருந்தது.

நீலகிரிக்கு வாய்த்தது

போடிப் பாதையைப் போன்றே ஆயிரம் மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட இன்னொரு பாதை தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் 46 கிலோமீட்டர் நீள நீலகிரி மலைப்பாதையே அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பொருத்தி, பல்சக்கரத்தால் பற்றி ஏறும் பாதை. 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கே வண்டி ஓடுகிறது. அதன் உருவம் பொறித்த காந்த வில்லைகளும் குவளைகளும் பொம்மை எஞ்சின்களும் கடைகளில் விற்கின்றன. நினைவுப்பொருளை வாங்கிய கையோடு அப்பயணத்தையும் மேற்கொள்ளலாம்.

ஒரே அளவுள்ள இரண்டு பாதைகளில் ஒன்று மரபுச் சின்னமானது, மற்றொன்று பெயர்க்கப்பட்டது. மலையின் செங்குத்தும் பற்சட்டத்தின் அருமையும் சுற்றுலாவும் நீலகிரி வண்டியைக் காத்தன. சமவெளியில் கடலைக்காய் மூட்டைகளோடும் தயிர்க்கூடைகளோடும் ஓடிய வண்டிக்கு அத்தகைய காவல் இல்லை. அன்றாட வாழ்வுக்குப் பயன்பட்ட பொருள்களுக்குப் பெரும்பாலும் இதுவே நேர்கிறது. அரண்மனைப் பல்லக்கு அருங்காட்சியகத்திற்குப் போகிறது, கட்டைவண்டி அடுப்புக்குப் போகிறது.

பெயர்க்கப்பட்டவை எங்கே சென்றன? தண்டவாளங்கள் ஒப்பந்தப்புள்ளி வழியே பழைய இரும்பாக விற்கப்படுவது நடைமுறை. மக்கள் ‘சிலிப்பர் கட்டை’ என்று வழங்கும் குறுக்குக் கட்டைகளுள் மரத்தாலானவை, ஆங்காங்கே கதவுகளாகவும் இருக்கைகளாகவும் மறுபிறவி எடுத்துள்ளன. இந்திய மீட்டர் பாதைகளில் ஓடிய டீசல் எஞ்சின்களுள் சில மலேசியா, தான்சானியா முதலிய நாடுகளுக்கும் சென்று பணியாற்றின. நிலையத்தின் மணி, கைவிளக்கு, பெயர்ப்பலகை போன்றவற்றின்மேல் சேகரிப்பாளர்களுக்கு ஆசை மிகுதி. ஆனால் அவை அரசின் உடைமை. முறையான ஏலத்தில் வாங்காமல் அவற்றை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் இரயில்வே சொத்துச் சட்டப்படி குற்றம். அன்பினால் எடுத்தேன் என்ற விளக்கத்தை அச்சட்டம் ஏற்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

உலகச் சந்தையில் மிகுதியாக விற்கும் பொம்மைத் தொடர்வண்டிகள் உண்மை வண்டியின் 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. அவற்றின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதனை 87ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 1,435 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பாதையின் அளவு அது. போடியின் பழைய மீட்டர் பாதையை அதே விகிதத்தில் செய்ய ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்; இன்றைய அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். கடையில் வாங்கும் 16.5 மில்லிமீட்டர்ப் பாதை, போடியின் பழைய வண்டிக்கும் பொருந்தாது, புதிய வண்டிக்கும் பொருந்தாது.

வண்டியில்லா நிலையங்கள்

போடிக்கு மேற்கே, கொட்டகுடி ஊராட்சியில் மலையுச்சியில் ஓர் ஊர் உள்ளது. அதன் பெயர் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து அங்கே செல்லும் சுற்றுலாப் பயணிகள் பனிமூட்டத்தையும் பள்ளத்தாக்கையும் கண்டு மகிழ்வர்; நிலையத்தை மட்டும் காண முடியாது. மலைச்சரிவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு குடியிருப்பும் உண்டு. அங்கும் வண்டி இல்லை.

1902இல் மூணாற்றிலிருந்து இம்மலையுச்சி வரை ‘எவிங்’ முறையில் அமைந்த ஒற்றைத் தண்டவாளப் பாதை இடப்பட்டது. வண்டியின் சுமையைத் தண்டவாளத்தின்மேல் உருளும் சிறு சக்கரங்கள் தாங்க, பக்கவாட்டில் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருண்டு வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை காளைகள். 1908இல் அது நீக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டடி இடைவெளி கொண்ட இரட்டைத் தண்டவாளப் பாதையாக மாறியது. நீராவி எஞ்சின்கள் வந்தன. குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை எனப்பட்ட அவ்வழியே தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனை அடைந்தன. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் தொங்கியபடி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடையும். பிறகு மாட்டு வண்டியில் 15 கிலோமீட்டர் கடந்தால் போடி.

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலைப்பாதையை அழித்தது. போடிக்குத் தொடர்வண்டி வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மலைமேல் வண்டி முடிந்துபோயிற்று. இரண்டு பாதைகளும் ஒரே காலத்தில் இயங்கியதில்லை. மலையிலிருந்து இறங்கிய தேயிலைக்குக் கம்பிவட ஊர்தியே துணை நின்றது. பின்னாளில் அதுவும் கைவிடப்பட்டது.

இன்று எஞ்சியிருப்பவை சில. மூணாற்றிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அவ்வண்டியின் சக்கரம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. மூணாற்றின் பழைய நிலையக் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. ஒற்றைத் தண்டவாள வண்டியைக் காண விரும்புவோர் தில்லிக்குத்தான் செல்ல வேண்டும். அங்குள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தில், இதே எவிங் முறையில் பட்டியாலா சமத்தானத்தில் ஓடிய வண்டி புதுப்பித்துக் காக்கப்படுகிறது.

அருங்காட்சியகச் சக்கரம் ஒரு நிறுவனத்தின் பெருமையைச் சொல்கிறது. அத்தேயிலையைப் பறித்தவர்களுள் மிகப் பலர் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறிய உழைப்பாளர்கள். வண்டி பெட்டிகளைச் சுமந்தது. அவர்களுள் பலர் மலையை நடந்தே ஏறினர். குண்டளை வண்டியின் படம் பொறித்த குவளை ஒன்றை நாளை எவரேனும் வடிவமைத்தால், அதில் எஞ்சினும் புகையும் தேயிலைச் சரிவும் இருக்கும். நடந்து ஏறியவர்களின் கால்கள் இடம்பெறுமா என்பது ஐயமே. ஸ்பிளாஷ் மவுன்டன் நீர்க்குப்பியில் விடுபட்டதற்கும் இங்கே விடுபடுவதற்கும் உறவு உண்டு. நினைவுப்பொருளைச் செய்பவர் விற்கத்தக்க நினைவைத் தேர்கிறார். வலி விலை போகாது.

கல்லும் பொம்மையும்

மறைந்த ஒன்றிற்கு ஒரு பொருளை நிறுத்துவது இந்நிலத்திற்குப் புதிதன்று. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். இந்தியாவில் இதுவரை கிடைத்துள்ள எழுத்துடை நடுகற்களுள் மிகத் தொன்மையானவையாக அவை மதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்டது. உயர்ந்த அலங்காரம் எதுவும் அக்கல்லில் இல்லை. ஊர், பெயர், நிகழ்ச்சி ஆகியவை மிகச் சில சொற்களில் அடங்கியுள்ளன. ஊர்ப்பெயரும் நாளும் எண்ணும் மட்டும் தாங்கிய அட்டைச் சீட்டின் சொற்சிக்கனத்தை அது நினைவூட்டுகிறது.

வேறுபாடும் பெரிது. நடுகல்லை எவரும் விற்கவில்லை, வாங்கவில்லை. அது நட்ட இடத்தில் நின்றது. காண விரும்பியவர் அங்கே செல்ல வேண்டும். சேகரிப்புப் பொருளோ இடத்தைவிட்டுப் பெயர்வதற்கென்றே பிறந்தது. ஆண்டிபட்டிக் கணவாயை ஒருமுறையும் காணாத ஒருவரின் பெட்டகத்தில் ஆண்டிபட்டிச் சீட்டு இருக்கலாம்.

தமிழர் வீடுகளில் பொருள் சேர்க்கும் கலைக்கு இன்னொரு வடிவமும் உண்டு; அது நவராத்திரிக் கொலு. படிகளில் தெய்வ உருவங்கள் அமர்ந்திருக்க, படிகளுக்குக் கீழே பிள்ளைகள் மணல் பரப்பிப் பூங்கா அமைப்பர், குளம் வெட்டுவர், கடுகு, கேழ்வரகு தூவிப் பயிர் எழுப்புவர், சாவி கொடுத்தால் ஓடும் தகரத் தொடர்வண்டியை வட்டப்பாதையில் விடுவர். ஒன்பது நாள் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அங்கே எந்தப் பொம்மையும் ‘வரையறுத்த பதிப்பு’ என்று எண்ணிடப்படுவதில்லை. உடைந்த சக்கரத்தோடு மூன்று தலைமுறை கைமாறிய வண்டிக்கும் அடுத்த ஆண்டு இடமுண்டு. புத்தம் புதிதாக, பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்று கருதும் இன்றைய சேகரிப்பாளருக்கு இது வியப்பாக இருக்கலாம். விளையாடிய பொம்மைக்கும் விளையாடாமல் காத்த பொம்மைக்கும் இடையில், நினைவு முதலாவதோடுதான் உறவு கொண்டாடுகிறது. சந்தை இரண்டாவதற்கு விலை கூட்டுகிறது.

வண்டி வந்த பின்

தேனிக்கும் போடிக்கும் தொடர்வண்டி வந்துவிட்டது. மதுரைக்கும் தேனிக்கும் இடையிலான பயணம் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கியிருக்கிறது. போடியிலிருந்து சென்னைக்கு மாறாமலே செல்லவும் வழி பிறந்துள்ளது. ஓஃபர் கூறிய மருந்து கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஆயினும் மக்கள் எதிர்பார்த்த வண்டியும் வந்த வண்டியும் ஒன்றல்ல. அகன்ற பெட்டிகள், உயர்ந்த நடைமேடைகள், புதுப்பித்த நிலையங்கள், கணினிச் சீட்டு. கணவாயில் மெல்ல ஏறிய சிறிய வண்டியின் ஆட்டமும், எதிரிருக்கைக்காரரின் முழங்காலில் முழங்கால் இடிக்கும் நெருக்கமும் திரும்பவில்லை. தேவை நிறைவேறியபின் எஞ்சிய ஏக்கம் இதற்குரியது. முன்பு இரண்டும் கலந்திருந்ததால் அதன் உருவம் தெரியவில்லை. இனி ஒருவர் போடி மீட்டர் பாதைச் சீட்டைத் தேடி வாங்கினால், ஊர்போய்ச் சேர்வதற்காக அல்லாமல், அந்த ஆட்டத்திற்காகவே அதை வாங்குகிறார்.

பதினொன்றாம் வகுப்புப் பருவத்தினர் மீட்டர் பாதை வண்டியில் தாமே ஏறிய நினைவு உடையவர்களாக இருத்தல் அரிது. ஆயினும் நீராவி எஞ்சின் படம் போட்ட ஆடையையும் பழைய சீட்டு வடிவில் செய்த சாவிக்கொத்தையும் அவர்களும் விரும்பி வாங்குகின்றனர். தாம் அறியாத காலத்திற்கு ஏங்குவது பொய்யாகிவிடுமா என்ற கேள்வி எழலாம். தாத்தாவின் கைக்கடிகாரத்தை அணியும் பேரனை எவரும் பொய்யன் என்பதில்லை. அக்கடிகாரத்தோடு தாத்தா சொன்ன கதைகளும் அவனிடம் வந்திருக்கின்றன. கடையில் வாங்கிய சாவிக்கொத்தோடு எந்தக் கதையும் வருவதில்லை. கதையை வீட்டில்தான் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்குரியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே இருப்பர்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஏக்கத்திற்கும் வாய்ப்பில்லாத ஊர்கள் உள்ளன. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்குத் தொடர்வண்டி வந்ததே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை புதிய பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இழந்த வண்டிக்குச் சீட்டு இருக்கிறது. வராத வண்டிக்கு மனு மட்டும் இருக்கிறது. பழைய மீட்டர் பாதைச் சீட்டுகளைத் தேடும் சேகரிப்பாளர் என்றேனும் ‘கம்பம்’ எனப் பெயரிட்ட அட்டையைக் காண நேர்ந்தால் அதன் மறுபெயரையும் படித்துப் பார்ப்பது நல்லது. குண்டூர் – குண்டக்கல் வழித்தடத்தில், முன்னர் மீட்டர் பாதை இருந்த ஆந்திர நிலத்தில், அதே பெயரில் ஒரு நிலையம் உண்டு. அந்தச் சீட்டு அந்த ஊருக்குரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம், இன்று இல்லாத ஓர் ஊர்தியில் அவர் செய்த பயணத்தைப் பற்றிக் கேட்டறிந்து, அவருடைய பேச்சுநடையிலேயே எழுதுக.

2. உங்கள் பகுதியில் மறைந்துபோன ஏதேனும் ஒன்றிற்கு நினைவுப்பொருள் வடிவமைப்பதாகக் கொண்டு, அதில் எவற்றைக் காட்டுவீர், எவை விடுபடும் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. பயணச்சீட்டு, நடுகல், கொலுப் பொம்மை ஆகிய மூன்றும் நினைவைக் காக்கும் முறையை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.